கோடை இசை முகாமும் கட்டிடப் பணியும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இவ்விடத்தில் ஒரு வேப்பமரமும், அதன் கிளையில் கட்டிய ஒற்றைக் குழல் விளக்கும் மட்டுமே இருந்தன. அன்று நான் ஆசிரியப் பணியில் புதிதாகச் சேர்ந்த இளைஞன். மாலையில் பள்ளி முடிந்ததும் மிதிவண்டியில் வந்து இங்குள்ள பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தேன். கூலி வேலைக்குச் சென்று திரும்பிய தாய்மார்கள், அந்த வாரக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த பணத்தால்தான் இந்த இரண்டு அறைகளும் ஓடு வேய்ந்த கூடமும் எழுந்தன. ஆகவே, இங்கே ஒரு செங்கல்லை எங்கே வைப்பது என்று பேசுவது பணத்தைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. அவர்களின் வியர்வையைப் பற்றிய பேச்சும் ஆகும்.

நமது சங்கம் கோடை விடுமுறையில் நடத்திவரும் இசை முகாமிற்கு இப்போது இடம் போதவில்லை. வெள்ளி விழாவை ஒட்டி அதனைப் புதுப்பித்து விரிவாக்குவது என்று செயற்குழு முடிவு செய்து, வரைபடம் ஒன்றையும் உறுப்பினர் பார்வைக்கு வைத்துள்ளது. அதனைப் பற்றி என் கருத்தைக் கூறுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளார்கள். என் கருத்தை நேரடியாகச் சொல்வதற்கு முன்னர், கடல் கடந்த ஒரு நாட்டில் கோடை இசை முகாம் ஒன்று எவ்வாறு இடம் தேடி, எவ்வாறு வளர்ந்தது என்பதை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். பிறர் பட்டறிவு நமக்குச் செலவில்லாத பாடம் அன்றோ?

புயல் கற்பித்த பாடம்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கே, பெர்க்ஷயர் மலைப்பகுதியில், லெனாக்ஸ் என்னும் சிற்றூரை ஒட்டி டாங்கிள்வுட் என்னும் தோட்டம் இருக்கிறது. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் கோடைக்கால இருப்பிடம் அதுவே. அந்த மலைப்பகுதியில் கோடை இசைவிழா 1934ஆம் ஆண்டில் தொடங்கியது. பாஸ்டன் குழுவினர் 1936இல் முதன்முதலாக அங்கு வந்து வாசித்தனர். டாங்கிள்வுட் தோட்டம் அக்குழுவிற்கு நன்கொடையாகக் கிடைத்தபின், 1937இல் விழா அங்கே இடம் மாறியது. அப்போது அங்கே அரங்கம் ஏதும் இல்லை. பெரியதொரு துணிக்கூடாரமே இருந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் இரவு, வாக்னர் என்னும் செருமானிய இசைமேதையின் படைப்புகள் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது இடியும் மழையும் கொட்டின. கூடாரம் ஒழுகியது, கருவிகள் நனைந்தன, கச்சேரி தடைப்பட்டது. இடைவேளையில் விழாவை நிறுவியவர்களுள் ஒருவரான கெர்ட்ரூட் ராபின்சன் ஸ்மித் என்னும் பெண்மணி மேடையேறி, நிலையானதொரு கூரைக்கு நன்கொடை வேண்டினார். மழையில் நனைந்து அமர்ந்திருந்தவர்களிடம் கூரையின் தேவையை விளக்கிச் சொல்ல வேண்டுமா? அன்றிரவே நன்கொடைகள் திரளத் தொடங்கின.

அரங்கத்தை வரைந்து தருமாறு எலியேல் சாரினென் என்னும் புகழ்பெற்ற கட்டிடக் கலைஞரைக் கேட்டார்கள். கையில் இருந்த திட்டத்தொகை 1,00,000 டாலர். அவர் வரைந்த வரைபடமோ அதனைக் கடந்து சென்றது. செலவைக் குறைக்கச் சொன்னபோது, இத்தொகைக்கு ஒரு கொட்டகைதான் போட முடியும், அதற்குக் கட்டிடக் கலைஞர் தேவையில்லை என்ற பொருள்பட அவர் விடை எழுதினார். அவர்கள் மனம் தளரவில்லை. ஸ்டாக்பிரிட்ஜ் என்னும் பக்கத்து ஊரின் பொறியாளர் ஜோசப் பிரான்ஸ் அந்த வரைபடத்தை எளிமையாக்கிக் கட்டிமுடித்தார். விசிறிபோல் விரிந்த கூரை; பக்கங்களில் சுவர் இல்லை; சுற்றிலும் புல்வெளி. 1938 ஆகஸ்டு 4ஆம் நாள் அது திறக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 பேர் அமரக்கூடிய அவ்வரங்கம் இன்றும் இசை முழங்க நிற்கிறது. அதன் பெயர் என்ன தெரியுமா? இன்றும் அதனைக் 'கொட்டகை' என்றே அழைக்கிறார்கள். இகழ்ச்சியாய் வந்த சொல்லையே பெருமைப் பெயராய்ச் சூட்டிக்கொண்டார்கள்.

மற்றொன்றையும் கருதுங்கள். மேடைக்கு மேலே ஒலியைச் சீராகப் பரப்பும் விதானம் ஒன்றை அவர்கள் தொங்கவிட்டது 1959இல்தான். அதாவது, கூரை எழுந்து 21 ஆண்டுகள் கழித்து. முதலில் மழைக்குக் காப்பு. நுட்பமான திருத்தங்கள் பிறகு. இந்த வரிசைமுறையை இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கச்சேரி நின்றது, வகுப்பு நிற்கவில்லை

பாஸ்டன் குழுவின் தலைமை இசை நடத்துநர் செர்ஜி கூசெவிட்ஸ்கி உருசிய நாட்டில் பிறந்தவர். கச்சேரி நடத்துவதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. இளம் இசைஞர்கள் கோடையில் தங்கிக் கற்கும் பள்ளி ஒன்று வேண்டும் என்று கருதி, 1940இல் அதனைத் தொடங்கினார். முதலாண்டு மாணவர்களுள் ஒருவர்தாம் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற லெனார்டு பெர்ன்ஸ்டைன். பள்ளி தொடங்கிய மறு ஆண்டான 1941க்குள் நாடக இசையரங்கு ஒன்றும், சிறு குழுக்களுக்கான கூடமும், தனிப் பயிற்சி அறைகள் சிலவும் கட்டிமுடிக்கப்பட்டன. பெரிய கொட்டகை கேட்போருக்காக எழுந்தது; இவை கற்போருக்காக எழுந்தன.

1942இல் போர்க்காலப் பெட்ரோல் பங்கீட்டினால் மக்கள் மலைக்கு வர இயலாத நிலை ஏற்பட்டது. அந்த ஆண்டுக் குழுவின் விழாவை அதன் பொறுப்பாளர்கள் நிறுத்திவிட்டனர். கூசெவிட்ஸ்கி என்ன செய்தார்? தம் பெயரால் அமைந்த அறக்கட்டளையின் பணத்தைக் கொண்டு பள்ளியை நடத்தினார். மாணவர்களின் இசைக்குழுவையே கொண்டு கச்சேரிகளையும் நடத்திக் காட்டினார். பணமுடை வந்தபோது எதனை நிறுத்துவது, எதனைக் காப்பது என்ற கேள்விக்கு அவர் அளித்த விடை இதுவே. கற்பித்தலைக் காத்தார், மற்றவை பின்னே வந்தன.

அதன்பின் வளாகம் மெதுவாகவே வளர்ந்தது. பக்கத்திலிருந்த ஹைவுட் என்னும் தோட்டத்தை 1986இல் வாங்கினார்கள். அந்நிலத்தில் 1994இல், வில்லியம் ரான் என்னும் கட்டிடக் கலைஞரின் வரைபடப்படி, செய்ஜி ஒசாவா பெயரால் புதிய அரங்கம் ஒன்று எழுந்தது. அதன் பின்சுவர் கதவுகளாகத் திறந்துகொள்ளும். உள்ளே 1,200 பேர் அமர்ந்து கேட்கும் இசையை வெளியே புல்தரையில் அமர்ந்திருப்போரும் கேட்கலாம். 2019இல் லிண்டே மையம் என்னும் பெயரில் நான்கு கட்டிடங்கள் 3 கோடி டாலருக்கும் மிகுந்த செலவில் திறக்கப்பட்டன. நடுவில் நிற்கும் வளர்ந்த ஓக் மரத்தை வெட்டாமல், அதனைச் சுற்றி வளைந்து செல்லும் நடைபாதையால் அக்கட்டிடங்களை இணைத்தார்கள். குளிர்காலத்திலும் பயன்படுத்தத்தக்க கட்டிடம் அவ்வளாகத்தில் அமைந்தது அப்போதுதான். அங்கே மாணவர்களும் பொதுமக்களும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் உணவுச்சாலையும் உண்டு. கூடாரத்திலிருந்து அந்நிலைக்கு வர 82 ஆண்டுகள் ஆயின.

குதிரைக் கொட்டிலில் ஒரு பள்ளி

அன்பர்களே, இதுவரை நான் கூறியது செல்வம் உடையோரின் வரலாறு. நம்மைப் போன்றோருக்கு அதில் பங்கு உண்டா என்று இளைஞர்கள் உள்ளத்தில் கேள்வி எழும், எழத்தான் வேண்டும்.

டாங்கிள்வுட்டிற்கு அண்மையிலேயே, ஒரு செல்வர் மாளிகையின் கொட்டில்களையும் புறக்கட்டிடங்களையும் பிலிப் பார்பர், ஸ்டெபனி பார்பர் என்னும் கணவனும் மனைவியும் வாங்கிச் செப்பனிட்டு, 1950இல் 'மியூசிக் இன்' என்னும் விடுதியைத் திறந்தார்கள். கறுப்பின மக்களுக்குப் பல விடுதிகளில் அறை கிடைக்காத காலம் அது. இந்த விடுதியில் அவர்களுக்கு அறை கிடைத்தது. மேசையில் இடம் கிடைத்தது. ராண்டி வெஸ்டன் என்னும் பியானோக் கலைஞர் இளமையில் அங்கே வேலை செய்துகொண்டே அறிஞர்களின் உரைகளைக் கேட்டுத் தம் முன்னோரின் ஆப்பிரிக்க இசைவேர்களை உணர்ந்துகொண்டார்.

அந்த இடத்தில்தான் 1957 முதல் 1960 வரை, ஆகஸ்டு மாதந்தோறும் மூன்று வாரம், லெனாக்ஸ் ஜாஸ் பள்ளி நடைபெற்றது. ஜான் லூயிஸ் அதன் இயக்குநர். டிஸ்ஸி கில்லஸ்பி, மாக்ஸ் ரோச் போன்ற மேதைகள் ஆசிரியர்களாய் வந்தனர். ஜாஸ் என்பது கறுப்பின மக்களின் துயரத்திலிருந்தும் மகிழ்ச்சியிலிருந்தும் பிறந்த இசை. மதுக்கடை இசை என்று பலரால் ஒதுக்கப்பட்டது. அதனைப் பாடமாக வைத்து, வரலாறு சொல்லி, இலக்கணம் வகுத்துக் கற்பித்தது அந்தக் கொட்டில் பள்ளி. 1959இல் அங்கே மாணவராக வந்தவர் ஆர்னெட் கோல்மன். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே நியூயார்க்கில் வாசித்து, ஜாஸ் இசையின் போக்கையே மாற்றியவர் அவர்.

எனினும் அப்பள்ளி நான்கு கோடைகளுக்கு மேல் நடைபெறவில்லை. புகழுக்கும் ஆசிரியருக்கும் குறைவில்லை. தொடர்ந்து நடத்தும் பொருள்தான் இல்லை. கட்டிடம் எழுப்பும்போதே அதனைப் பேணுவதற்கும், ஆசிரியருக்கு ஊதியம் தருவதற்கும் ஒரு நிதியைத் தனியே வைக்க வேண்டும் என்பது அங்கிருந்து நான் கற்ற பாடம்.

நிலவறையிலிருந்து எழுந்த பள்ளி

இன்னும் ஒருவரை நினைவு கூர்ந்துவிட்டு நம் ஊருக்கு வருகிறேன். டோரதி மேனர் என்னும் கறுப்பினப் பாடகியார் 1939இல் டாங்கிள்வுட்டிற்கு வந்து கூசெவிட்ஸ்கியின்முன் பாடினார். அவர் குரலைக் கேட்டு வியந்த கூசெவிட்ஸ்கியின் பாராட்டு நாளிதழ்களில் வெளிவந்தது; அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க்கில் அரங்கேறிப் பெரும்புகழ் பெற்றார். ஆயினும், அந்நகரின் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா மேடையில் 1955 வரை எந்தக் கறுப்பினப் பாடகருக்கும் முதன்மைப் பாத்திரம் கிட்டவில்லை. அவ்வாண்டு மரியன் ஆண்டர்சன் அத்தடையை உடைத்தார். டோரதி மேனர் அம்மேடையில் ஒருநாளும் பாடவில்லை.

அவர் மனம் கசந்து ஒதுங்கிவிடவில்லை. மேடையிலிருந்து ஓய்வு பெற்றபின், நியூயார்க்கில் கறுப்பின மக்கள் செறிந்து வாழும் ஹார்லெம் பகுதியில், தம் கணவர் போதகராய் இருந்த தேவாலயத்தைச் சார்ந்த கட்டிடத்தின் நிலவறையில், 1964இல் பிள்ளைகளுக்குக் கலைப்பள்ளி தொடங்கினார். தொடக்கத்தில் ஏறத்தாழ 20 பிள்ளைகள். 1979இல் அவர் ஓய்வு பெறும்போது பள்ளியில் பயின்றோர் ஏறத்தாழ 1,000 பேர். பள்ளிக்கெனத் தனிக் கட்டிடமும் எழுந்திருந்தது. அவர் பாட வாய்ப்பே பெறாத அந்த ஆப்பெரா நிறுவனம், 1975இல் அவரைத் தன் ஆட்சிக் குழுவில் உறுப்பினராக அமர்த்திக்கொண்டது. 2020இல் அப்பள்ளிக் கட்டிடத்தைப் புதுப்பித்தபோது, தெருவை மறைத்து நின்ற செங்கற்சுவரை அகற்றிக் கண்ணாடிச் சுவர் அமைத்தார்கள். உள்ளே பயிலும் பிள்ளைகளைத் தெருவில் செல்வோர் காண வேண்டும், தெருப்பிள்ளைகளுக்கு உள்ளே வரும் ஆசை பிறக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நம் வரைபடம்

இனி நமது வரைபடத்திற்கு வருவோம். செயற்குழுவினர் பெருமுயற்சி எடுத்து அதனைத் தயாரித்துள்ளார்கள். அவர்களுக்கு என் பாராட்டு. ஆயினும் அதில் மூன்று செய்திகளை மறுமுறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

முதலாவது, முகப்பில் அமைய இருக்கும் அலங்கார வளைவும், நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குக் கல்லும். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இப்போது வேண்டாம் என்கிறேன். சென்ற கோடையில் திடீர் மழை பெய்தபோது கூடத்தின் ஓடுகள் ஒழுகி, ஆர்மோனியத்தைப் போர்வையால் மூடிக்கொண்டு பிள்ளைகள் மூலையில் ஒண்டிநின்றதை நான் கண்டேன். ஒழுகும் கூரைக்கு முன்னே ஓர் அலங்கார வளைவு நின்றால், வழிப்போக்கன் நம்மை மதிப்பானா, நகைப்பானா?

இரண்டாவது, பெண்பிள்ளைகளின் நிலை. முகாமில் சேரும் பெண்களில் பலர் மூன்றாம் நாளிலேயே நின்றுவிடுகிறார்கள். இசையில் ஆர்வம் குறைந்தா நிற்கிறார்கள்? இல்லை. இரவு தங்கத் தாழ்ப்பாள் உள்ள அறை இல்லை; தண்ணீர் வசதியோடு கூடிய கழிப்பறை இல்லை. பெற்றோர் அழைத்துச் சென்றுவிடுகிறார்கள். பெண்களுக்கென ஓர் அறையும் இரண்டு கழிப்பறைகளும் எழுந்தால், புதிய ஆசிரியர் ஒருவரையும் அமர்த்தாமலே முகாமின் பயன் பெருகிவிடும். வரைபடத்தில் இது 'இரண்டாம் கட்டம்' என்று குறிக்கப்பட்டுள்ளது. இதனை முதற் கட்டத்திற்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மூன்றாவது செய்தியைச் சொல்லச் சற்றுத் தயக்கம். எனினும் சொல்லாமல் போனால் நான் ஆசிரியன் ஆகேன். வரைபடத்தில் வயலினுக்கும் வாய்ப்பாட்டிற்கும் முன்கூடம் தரப்பட்டுள்ளது. பறைப் பயிற்சிக்கோ கொல்லைப்புறத்தில், கழிவுநீர்த் தொட்டியை ஒட்டி, ஒரு தகரக் கொட்டகை குறிக்கப்பட்டுள்ளது. ஓசை பெரிது என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஓசை பெரிதுதான். ஆனால் உண்மைக் காரணம் அது மட்டுமா என்று நம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் தந்தையார் பறை அடித்தவர். ஊரில் சாவு விழுந்தால் அழைப்பு வரும், உணவருந்திக்கொண்டிருந்தாலும் எழுந்து ஓட வேண்டும், மறுத்தல் இயலாது. அந்த இழிவு தம்மோடு முடியட்டும் என்று எண்ணி, என்னை ஒருநாளும் அதனைத் தொட அவர் விட்டதில்லை. இங்கே அமர்ந்திருக்கும் மூத்தோர் பலரும் அதே உறுதியோடுதான் பறையைக் கீழே வைத்தார்கள். அவர்கள் வைத்தது சரி. கட்டாய ஊழியத்தை மறுத்தது நம் மானத்தின் தொடக்கம். ஆனால் ஊழியம் வேறு, இசை வேறு. சிறுவனாய் இருந்தபோது ஒரு கோவில் மதிலுக்கு வெளியே நின்று நாகசுரம் கேட்டவன் நான். உள்ளே செல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. அன்று மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நாமே, இன்று நம் சொந்த வளாகத்தில் நம் கருவியைப் புறக்கடைக்கு அனுப்பலாமா? அழைப்பு வந்தால் ஓடியாக வேண்டும் என்ற நிலையில் அடித்த பறை வேறு. தாமே விரும்பி வந்து, தாளம் எண்ணி, ஆசான்முன் அமர்ந்து ஒரு பிள்ளை கற்கும் பறை வேறு.

ஓசைக்கு வழி உண்டு. காலை வேளையில் முன்கூடத்தில் வாய்ப்பாட்டும் வயலினும் நடக்கட்டும். மாலையில் அதே கூடத்தில் பறை முழங்கட்டும். பறையின் தோலை வாசிக்குமுன் தீயில் காய்ச்சுதல் வேண்டும் ஆதலால், கூடத்தின் முன்னே வேப்பமரத்திற்கு எட்டத்தில் திறந்த முற்றம் ஒன்று விடப்படல் நலம். ஈரம் தாக்காதவாறு கருவிகளை மாட்டிவைக்க, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாய், உலர்ந்த அறை ஒன்று வேண்டும். ஆர்மோனியமும் பறையும் ஒரே அறையில் இருக்கட்டும். தகரக் கொட்டகைக்கு ஆகும் செலவிலேயே இம்முற்றத்தையும் அறையையும் அமைத்துவிடலாம் என்று நம் கொத்தனார்கள் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். பொறியாளரைத் தேடி நகருக்குச் செல்ல வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் கட்டிடம் எழுப்பும் கைகள் நம் தெருவிலேயே உள்ளன.

இளைஞர்களுக்கு

அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியது. எல்லா வசதியும் வந்து சேரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் ஒரு தலைமுறை கல்வி இழந்திருக்கும். ஆகவே நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வரிசை தவறாமல் தொடங்க வேண்டும். முதலில் ஒழுகாத கூரை. அதனோடு பெண்களுக்கு அறையும் தண்ணீரும். அடுத்து எல்லாக் கருவிக்கும் பொதுக்கூடம். திரளும் நிதியில் ஒரு பங்கு பராமரிப்பிற்கும் ஆசிரியர் ஊதியத்திற்கும் வங்கியில் வைப்பு. இவை யாவும் நிறைவேறியபின் வளைவு வைப்போம். அந்நாளில் அதன் திறப்பு விழாவிற்கு நானே முதல் நன்கொடை தருவேன். பளிங்குக் கல்லில் பெயர் பொறிப்பதாயின், கூலியிலிருந்து பணம் எடுத்துத் தந்த அந்தத் தாய்மார்களின் பெயர்கள் முதலில் இடம்பெற வேண்டும்.

கல்லூரியில் பயிலும் இளைஞர்களே, பணிக்குச் சென்ற இளைஞர்களே! ஆண்டுக்கு ஒருநாள் ஊதியத்தை இம்முகாமிற்குத் தாருங்கள். அதனினும் மேலாக, கோடையில் பத்து நாள் இங்கே வந்து தங்கிப் பிள்ளைகளோடு இருங்கள். ஆள் இல்லாத கட்டிடம் வௌவாலுக்கு வீடாகும். ஆள் உள்ள கொட்டகையில் இசை வளரும். டாங்கிள்வுட் கொட்டகையும், லெனாக்ஸ் கொட்டிலும், ஹார்லெம் நிலவறையும் சொல்வது இதுவே.

இன்று மாலை பொதுக்குழு கூடி வரைபடத்தைப் பற்றி முடிவெடுக்க இருக்கிறது. என் சொல்லில் பிழை இருப்பின் மூத்தோர் திருத்துக. உண்மை இருப்பின், வரைபடத்தைத் திருத்துக என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

கல்வி ஓங்குக! ஒற்றுமை வளர்க!